எல்லாரும் மேல வந்தாச்சு

என் மகள் படித்து முடித்து வெளியே வந்து வருஷக்கணக்காகியும், அவள் படித்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் வாட்ஸாப் குழுவை விட்டு நான் இன்னும் வெளியேறவில்லை. அதில் இப்போதெல்லாம் சேதி படமாக வருகிறது. நாலு மூலையிலும் பலூன், நடுவில் ஆங்கிலத்தில் மாறுவேடப் போட்டி அறிவிப்பு, கீழே கரெஸ்பாண்டென்ட் சிரிக்கிற போட்டோ. பார்த்துவிட்டு அழித்துவிடுகிறேன். குழுவை விட்டுப் போகத்தான் மனசு வரவில்லை.

அதே குழுவில் ஒரு காலத்தில் தினமும் சாயங்காலம் ஒரு குரல் வரும். லேசாகக் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், "என்னைப் பத்தி இவ்ளோ எழுதறதுக்கு இன்னாமா கீது?" என்று ஓசூரில் மகன் வீட்டிலிருந்து கிளம்பி வந்து சண்டை போடுவார். எங்கள் எல்லாருக்கும் அவர் மிஸ், அவ்வளவுதான்.

தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் ஊரில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், மைன்ஸ் காலத்துக் கட்டடம் ஒன்றில் ஓர் அறக்கட்டளை நடத்திய பள்ளி அது. ஏழாம் வகுப்பு வரைக்கும். பிள்ளைகள் குறைவு, டீச்சர்கள் அதைவிடக் குறைவு. மிஸ் மூன்றாம் வகுப்பு எடுப்பார், எல்லா வகுப்புக்கும் கன்னடம் சொல்லிக் கொடுப்பார், பெல் அடிக்கிறவர் வராத நாளில் பெல்லும் அடிப்பார். புத்த பூர்ணிமாவுக்குத் தன் வீட்டிலிருந்து அண்டாவில் பாயசம் கொண்டு வந்து மொத்தப் பள்ளிக்கும் ஊற்றுவார். இத்தனையும் போதாதென்று சேதி சொல்கிற வேலையும் அவர் தலையில் விழுந்தது.

சேதி எதற்கு என்றால், பிள்ளைகளைப் பெற்றவர்களில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலில் இருந்தோம். விடியற்காலை வண்டியைப் பிடித்தால், இருட்டின பிறகுதான் வீட்டு வாசல். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பெங்களூரிலேயே தங்கி டாக்சி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். மோனிஷாவுக்கு அப்போது எட்டு வயது. கழுத்தில் சாவியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், தானே பூட்டைத் திறந்து, நான் வருகிற வரைக்கும் தனியாக இருப்பாள். அவளை விட்டுவிட்டு நான் எப்படி அந்த வேலைக்குப் போனேன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். வேலைக்குப் போகாமல் எப்படி இருப்பது என்று திருப்பிக் கேட்பேன்.

முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி ஒயிட்ஃபீல்டு தாண்டியிருந்தது. எதிர் சீட்டில் டர்னர் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டார். அவர் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், இரண்டு பையன்களும் அதே பள்ளி.

"எல்லாரும் மேல வந்தாச்சு. இப்ப சேதி. ரெண்டாங்கிளாஸ்ல ஒரு பையனுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. பல்லு பத்திரமா பென்சில் பாக்ஸ்ல கீது. நாளைக்கி எல்லாரும் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு வரணும். எதுக்குன்னு நாளைக்கித்தான் சொல்லுவேன். கொல்லையில போட்ட அவரை பூ வுட்டுருக்குது."

"மேல வந்தாச்சுன்னா? ஸ்கூலுக்கு மாடியே இல்லையே?" என்றேன். நான் குடியாத்தத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இந்த ஊர்ப் பேச்சு எனக்கு அப்போது பாதிதான் பிடிபட்டிருந்தது.

டர்னர் அண்ணன் சிரித்தார். "எங்க தாத்தா, நைனா எல்லாரும் பூமிக்குள்ள போனவங்கம்மா. கேஜ்ல ஏறி மேல வந்தாத்தான் வூடு. மேல வந்துட்டாரான்னுதான் கேப்பாங்க. மைன்ஸை மூடியாச்சு, பேச்சு மட்டும் அப்படியே நின்னுடுச்சு."

சரி, பழைய வழக்கம் என்று விட்டுவிட்டேன். ஆனால் போகப் போக அந்த மனுஷியே எனக்கு ஒரு புதிராகிப் போனார்.

எதைச் சொன்னாலும் அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கும். போன் செய்தால் ஹலோ கிடையாது. "எல்லாரும் நல்லாத்தான் கீறோம், சொல்லுங்க" என்பார். தப்பு நம்பராக இருந்தாலும் அதேதான். பிள்ளைகளைப் பற்றிப் புகார் சொல்லக் கூப்பிட்டாலும், "உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவல, நல்லா கீறான். இப்ப கேளுங்க, ஆபீஸ் ரூம் கண்ணாடிய ஒடச்சிட்டான்" என்பார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் கண்ணாடிக்காகக் கோபப்படவே நமக்கு மறந்துபோகும். பரீட்சைப் பேப்பரைக் கொடுக்கும்போதும் முதலில் "பாஸு" என்பார், பிறகுதான் கணக்கில் எங்கே கோட்டை விட்டாள் என்ற விவரம் வரும்.

கரெஸ்பாண்டென்டுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில் எங்கள் முன்னாலேயே சொன்னார். "மிஸ், இது என்ன ஸ்கூலா, மைன்ஸ் ஷாஃப்டா? வெளியில கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? 'குட் ஈவினிங் டியர் பேரண்ட்ஸ்'னு ஆரம்பிங்க."

மிஸ் பணிவாகத் தலையாட்டினார். மறுநாள் சாயங்காலம் வண்டியில் எல்லாரும் ஆவலாகப் போனைத் திறந்தோம். "எல்லாரும் மேல வந்தாச்சு. குட் ஈவினிங் டியர் பேரண்ட்ஸ். இப்ப சேதி." பெட்டியே சிரித்தது.

எனக்குப் புரியாத இன்னொன்று, சேதி வருகிற நேரம். ஒருநாள் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடும். இன்னொரு நாள் வண்டி மாலூரை நெருங்கின பிறகும் வராது. பள்ளி விடுகிற நேரமோ தினமும் ஒன்றுதான். சீரியல் பார்த்துவிட்டு அனுப்புகிறார் என்றார் டர்னர் அண்ணன். தூங்கி எழுந்து அனுப்புகிறார் என்பது என் கட்சி. மழை நாளில் இன்னும் தாமதமாகும். மழைக்கும் சீரியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன்.

காய்ச்சலில் லீவு போட்டிருந்த ஒரு நாளில்தான் விஷயம் தெரிந்தது. வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கூட்டமாக எங்கள் லைனுக்குள், அந்தக் காலத்து மைன்ஸ் வீட்டு வரிசைக்குள், வந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, யாரோ எவரோ என்பதுபோல, கையில் குடையோடு மிஸ் வந்துகொண்டிருந்தார். ஒரு பிள்ளை பூட்டைத் திறந்து உள்ளே போனால் நிற்பார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டதும் அடுத்த வீடு. பிள்ளைகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பழகிப்போயிருக்கிறது. மோனிஷா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. கேட்டதற்கு, "மிஸ் தினம் வருவாங்கம்மா, அதுல இன்னா?" என்றாள்.

"உள்ள வாங்க மிஸ், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று கூப்பிட்டேன்.

"இன்னும் நாலு வூடு கீதும்மா. முடிச்சிட்டு வரேன்" என்று போனார். சொன்ன மாதிரியே திரும்பி வந்தார். டீயைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் வாசலில் உட்கார்ந்தபடியே போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "எல்லாரும் மேல வந்தாச்சு" என்று ஆரம்பித்தார். பிறகுதான் டீ.

கண்ணால் பார்க்காமல் அந்த வரியை அவர் சொல்லமாட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பங்காருபேட்டையில் அவர் தம்பி மகளுக்கு ரிசப்ஷன் நடந்த நாளிலும் இப்படி வீடு வீடாக நின்றுவிட்டுப் போய், பந்தி முடிந்து நாற்காலி அடுக்குகிற நேரத்துக்குத்தான் சேர்ந்தாராம். தம்பி பெண்டாட்டி ஒரு மாசம் பேசவில்லையாம்.

"எதுக்கு மிஸ் இவ்ளோ?" என்றேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ ஒரு நாள் கீழ பாறை வெடிச்சிது. வூட்ல அடுக்கி வெச்ச பாத்திரமெல்லாம் உருண்டுச்சு. எங்கம்மா என்னைத் தூக்கிக்கினு ஷாஃப்டுக்கு ஓடுனாங்க. ஊரே அங்கதான் நின்னுச்சு. எங்க நைனாவோட வேலை செய்யற ஒரு ஆளு கேஜ்ல ஏறி வந்தாரு. எங்கம்மா அவரு கையப் புடிச்சிக்கினு, 'எங்க வூட்டுக்காரரு எங்க?'ன்னு கேட்டாங்க. அந்த மனுஷன் மொதல்லேருந்து ஆரம்பிச்சாரு பாரு. எந்த லெவல்ல நின்னாங்க, யாரு பீடி கேட்டா, பாறை எப்படி மொறிஞ்சுது, லைட்டு எப்படி அணைஞ்சுது... எங்கம்மா அவரு வாயையே பாத்துக்கினு நிக்கறாங்க. எங்க நைனா பேரு கடைசிலதான் வந்துச்சு. 'அடுத்த கேஜ்ல வராருக்கா'ன்னாரு. அதுக்குள்ள எங்கம்மா மயங்கி வுழுந்துட்டாங்க."

"அப்பா வந்தாரா?"

"வந்தாரு, வந்தாரு. அவரு வந்துதான் எங்கம்மாவுக்குத் தண்ணி தெளிச்சி எழுப்புனாரு." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆளோட எங்கம்மா சாவற மட்டும் பேசவே இல்ல. 'நல்ல சேதியத்தான்டி சொன்னான். ஆனா கடைசில சொன்னானே பாவி'ன்னுவாங்க."

அதற்குப் பிறகு அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மிஸ் தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் குடையோடு நிற்பதுதான் கண்ணுக்குள் வரும். அதைக் கேட்டால் போதும், சீட்டில் தலையைச் சாய்த்துவிடுவேன். மீதிச் சேதி காதில் விழாது. நான் மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பள்ளியிலிருந்து பிள்ளைகளை வேனில் பூதிகோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். விவசாயம் பார்க்கப் பயணம். ரயிலில் எங்களுக்கு அன்றைக்கு இருப்பே கொள்ளவில்லை. மாலூர் வந்தது, சேதி வரவில்லை. பயணம் போன நாள், தாமதமாகத்தான் ஆகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மாலூரைத் தாண்டுகிற சமயத்தில் போன் சிணுங்கியது. டர்னர் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"பூதிகோட்டைக்குப் போன புள்ளைங்க தோட்டம் பாத்தாங்க, கெணறு பாத்தாங்க. ஒரு கன்னுக்குட்டி நம்ம கரெஸ்பாண்டென்ட் சட்டைய நக்கிடுச்சு..."

அண்ணன் நிறுத்தினார். முதலிலிருந்து மறுபடி போட்டார். அதே கன்றுக்குட்டிதான்.

"ஸ்டார்டிங் கட் ஆயிடுச்சா இன்னா?" என்றார். என் போனில் போட்டேன். பின்னாலிருந்த ஒருவர் தன் போனில் போட்டார். எல்லாவற்றிலும் அது பூதிகோட்டையில்தான் ஆரம்பித்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எப்போதும்போல நிதானமாக, கன்றுக்குட்டி சட்டையை எப்படி நக்கியது என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியில் எத்தனை பேர் அந்த ஒரு வரிக்காகவே தினமும் போனைத் திறந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் டவர் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் அப்படித்தான். எல்லாரும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தோம். ஒவ்வொருவரும் தன் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிணறு பார்த்தார்கள் என்றாரே, அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பங்காருபேட்டையில் டவர் வந்தது. பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் போன் பேசினார்கள். டர்னர் அண்ணனின் பையன்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டுக்காரரின் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக மூச்சு விட்டார்கள். என் பக்கத்து வீட்டம்மா போனை எடுத்து, "மோனிஷாவா? வூடு பூட்டியே கீதேம்மா. நீ லீவு போட்டுட்டு வந்து கூட்டிக்கினு போயிட்டியோன்னு நெனச்சேன்" என்றார்.

நான் போனைக் கீழே இறக்கியபோது பெட்டியில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மிஸ்ஸின் போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. எழுந்து கதவுப் பக்கம் போனேன். டர்னர் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "ஆட்டோல போனா இன்னும் லேட்டாவும்மா. இதுலயே போ. நாங்க எல்லாம் கீறோம் இல்ல." வண்டி பங்காருபேட்டையில் எப்போதும்போல நின்றுகொண்டேயிருந்தது. அந்த ரயிலை, ஆஸ்பத்திரியை, டாக்சியை, எல்லாவற்றையும் மனசுக்குள் திட்டினேன். கழுத்துச் சாவியை நினைத்து என்னையும் திட்டிக்கொண்டேன். நகர்ந்த பிறகும் கோரமண்டல், ஊர்காம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்றுதான் போனது.

நாங்கள் இறங்குகிற சாம்பியன் ஸ்டேஷன் விளக்கு தெரிந்தது. வண்டி வேகம் குறைத்து உள்ளே நுழையும்போதே ஒரு குரல் கேட்டது. பிளாட்பாரத்தில் மிஸ் நின்றுகொண்டிருந்தார். புடவை முழங்கால் வரைக்கும் புழுதி. இடது கை மோனிஷாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கையில் இருந்த குடையை ஆட்டி ஆட்டி, கடந்துபோகிற ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"எல்லாரும் மேல வந்தாச்சு! எல்லாரும் மேல வந்தாச்சு!"

நான் எந்தப் பெட்டியில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அதனால் வண்டி முழுக்கச் சொன்னார். இதெல்லாம் என்னவென்றே தெரியாத, அடுத்த ஸ்டேஷன் மாரிக்குப்பம் போகிற சனங்கள்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் டர்னர் அண்ணன் "அப்பாடா" என்று சத்தமாகச் சொன்னார்.

இறங்கி ஓடிப்போய் மோனிஷாவை அள்ளிக்கொண்டேன். அவள் கையில் என்னவோ வைத்திருந்தாள். "அம்மா, இத பாரும்மா" என்றாள். நான் எதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தேன், திட்டினேன், அழுதேன். அவளும் அழுதாள். எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது.

"திட்டாதம்மா. உன்னத்தான் பாக்கணும்னு இங்க வந்து ஒக்காந்துக்கினு இருந்தா" என்றார் மிஸ். மூச்சு வாங்கியது. "ஸ்கூல் கேட்டு வரிக்கும் எல்லாரும் வந்தாங்க. எண்ணிப் பாத்துத்தான் வுட்டேன். லைனுக்குள்ள வந்து பாத்தா உங்க வூடு மட்டும் பூட்டிக் கீது. கடை, கோயில், கிரவுண்டு எல்லாம் தேடிட்டேன். வேன்ல 'அம்மாக்குக் காட்டணும், அம்மாக்குக் காட்டணும்'னு சொல்லிக்கினே வந்தது அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு."

"சேதில ஏன் மிஸ் அந்த வரிய சொல்லல? உயிரே போயிடுச்சு எங்களுக்கு."

அவர் திகைத்துப் போனார். "கவனிச்சீங்களா? சேதியே அனுப்பலன்னா பயந்துடுவீங்க. புள்ளையக் காணோம்னு சொல்லி ரயில்ல ஒக்கார வெக்கவும் மனசு வரல, அதான் போனையும் எடுக்கல. மேல வந்தாச்சுன்னு பொய் சொல்லவும் வாய் வரல. அதான் அந்த ஒரு வரிய மட்டும் வுட்டுட்டு மிச்சத்த சொன்னேன். கன்னுக்குட்டிய கேட்டு சிரிச்சிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"மிஸ், மிச்சத்த யாருமே கேக்கறதில்ல" என்றேன்.

இத்தனை வருஷம் சேதி சொன்னவர். குனிந்து புடவைப் புழுதியைத் தட்டினார். பிறகு, "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். நான் மோனிஷாவை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வண்டியில் வெளிச்சம் இருக்கும்போதே சேதி வந்துவிட்டது. "எல்லாரும் மேல வந்தாச்சு." கொஞ்சம் இடைவெளி. "இப்ப சேதி. இதுக்கு மேல யாரும் கேக்கறதில்லன்னு ஒருத்தங்க சொன்னாங்க. இருந்தாலும் சொல்றேன்."

பெட்டியில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "சத்தம் போடாதீங்கப்பா, சேதி சொல்றாங்க" என்று டர்னர் அண்ணன் அதட்டினார்.

"நேத்து சாம்பியன் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல வேரோட ஒரு கடலைச் செடி கெடந்துச்சு. பூதிகோட்டைல ஒரு புள்ள அதுங் கையாலயே புடுங்கினது. கடலை மண்ணுக்குள்ளதான் காய்க்கும்னு அதுக்கு நேத்துதான் தெரியும். அம்மா வூட்டுக்கு வரதுக்குள்ள வாடிடும்னு ஸ்டேஷனுக்கே தூக்கிக்கினு ஓடுச்சு. செடி எங்க வூட்ல கீது. உரியவங்க வந்து பாத்துட்டு வாங்கிக்கினு போலாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பையை எறிந்துவிட்டு, மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு மிஸ் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போயிருந்தது. இந்நேரம் சருகாகியிருக்கும், அவளுக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

மிஸ் கதவைத் திறந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"வாடலம்மா" என்றார்.